மிதித்த காலை எடுக்காதே

வண்டிக்கு வயரிங் பார்க்கிற அவருக்கு 'மீட்டர்காரர்' என்று பெயர். மின்சாரம் அளக்கிற மீட்டரை வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். "விளக்கு எரியுதுன்னா வண்டி ஏதோ சொல்லுது. அது சொல்றதைக் கேளு, வாயை அடைக்காதே" என்பார். வாயை அடைக்கிற மெக்கானிக்குகள்தானே இன்றைக்கு அதிகம்! டேஷ்போர்டில் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று போனால், பல்பைப் பிடுங்கிக் கையில் கொடுத்து, "சரியாப்போச்சு, போங்க" என்பார்கள். நல்ல வைத்தியம்.

அவருடைய கூடப்பிறந்த தம்பியின் பிக்கப் வண்டிக்கும் அந்த வைத்தியம்தான் நடந்திருந்தது. பழைய வண்டி. வாங்கும்போதே அதில் ஏபிஎஸ் செத்துக் கிடந்தது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல், பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கிற அமைப்பு அது. அது இல்லாவிட்டாலும் பிரேக் பிடிக்கும். ஈரத்தில் வண்டி இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். காய்கறி மூட்டை ஏற்றி ஓட்டுகிற தம்பி அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. கவலைப்பட்டவள் அவன் மனைவி. "மாமா, மழை பெஞ்சா வண்டி பாம்பு மாதிரி போகுது. உங்க தம்பிக்கு என்ன, கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. பக்கத்துல உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு வர்றவ நான்தான். நீங்க கொஞ்சம் பாருங்க" என்றாள்.

பார்த்தார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. சக்கரம் சுற்றும் வேகத்தைச் சொல்லுகிற சென்சாரில் மீட்டரை வைத்தால் அளவு சரியாக இருந்தது. விடுகிற ஆளா அவர்? ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பிவிட்டு மறுபடி வைத்தார். அளவு துள்ளியது. வளைந்து வளைந்து, ரப்பர் உறைக்குள்ளேயே கம்பி இற்றுப்போயிருந்தது. வெளியே ஒரு கீறல் கிடையாது. சக்கரம் நேராக நின்றால் ஒட்டும், திரும்பினால் விட்டுவிடும். அந்த இடத்தை வெட்டிப் புதுக் கம்பி சேர்த்து, ஈயம் வைத்து, மேலே உறை போட்டார். பிடுங்கியிருந்த பல்பையும் மாட்டினார். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து அணைந்தது. ஏபிஎஸ் பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

"பல்பைப் புடுங்கினப்பவும் எரியல, நீ மாட்டின பெறகும் எரியல. இதுல என்னண்ணே பெரிய வித்தியாசம்?" என்று தம்பி கிண்டலடித்தான். அவன் மனைவி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். "வாங்க, டீ ஆறுது" என்று மீட்டர்காரரின் மனைவி கூப்பிட, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

ஏபிஎஸ் வேலையை முடித்து வண்டியை அனுப்பும்போது ஒவ்வொருவரிடமும் அவர் ஒன்று சொல்வார்: "அழுத்தி மிதிச்சா பெடல் தடதடன்னு துடிக்கும். அது வேலை செய்யுற துடிப்புதான். பயந்து காலை எடுத்துடாதீங்க." ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர் சொந்தத் தம்பிக்குச் சொல்லவில்லை. வாடிக்கையாளரிடம் பேசுகிற பேச்சை வீட்டு ஆளிடம் யார் பேசுகிறார்கள்?

அடுத்த மழையில் குறுக்கே ஒரு லாரி திரும்பியது. தம்பி பிழைத்தான். பக்கத்தில் இருந்தவள் போய்விட்டாள்.

நொறுங்கிய வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். தம்பி அண்ணன் வீட்டு உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். "நான்தான் கொன்னேன்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அழக்கூட இல்லை. அண்ணி சோறு பிசைந்து கொண்டுபோனால் தட்டைத் தள்ளினான். இப்படியே இவனும் போய்விடுவான் என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

தான் செய்த வேலையில் பழுது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வண்டிக்கு அடியில் புகுந்தார். பழி தன் தலையில் விழுந்தாலும் தம்பி எழுந்துவிடுவானே! வேறு பேட்டரி கொடுத்து, சோதனை சாக்கெட்டில் இரண்டு முனைகளைக் கம்பியால் இணைத்தார். எங்கே கோளாறு என்பதை விளக்கு மினுக்கி மினுக்கிச் சொல்லும். கோளாறே இல்லை என்றது. நான்கு சக்கரத்துச் சென்சார்களும் நன்றாக இருந்தன. தான் வைத்த இணைப்பைப் பிடித்து இழுத்தார், முறுக்கினார். மீட்டரில் அளவு அசையவில்லை. பாழாய்ப்போன இணைப்பு!

உள்ளே போய்த் தம்பி அருகில் உட்கார்ந்தார். "என்னடா நடந்துச்சு?"

"மிதிச்சேண்ணே. பெடல் காலுக்கடியில துடிச்சுச்சு. ஏதோ உடைஞ்சுபோச்சுன்னு பயந்து காலை எடுத்துட்டேன்." முதன்முறையாக முகத்தைத் திருப்பினான். "எடுக்காம இருந்திருந்தா நின்னிருக்குமா? உனக்குத் தெரியும். மறைக்காம சொல்லு."

நின்றிருக்கும். செத்துக் கிடந்ததை எழுப்பியது அவர் கை, எழுப்பிவிட்டுச் சொல்லாமல் விட்டது அவர் வாய். 'நான்தான் சொல்ல மறந்தேன்' என்றால் கேட்பானா? 'எடுத்தது என் கால்தானே' என்று மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

"நின்னிருக்காதுடா," என்றார். "நான் போட்ட இணைப்பு விட்டுப்போச்சு. துடிச்சது அதனாலதான். நீ ஏறி நின்னு மிதிச்சிருந்தாலும் நின்னிருக்காது."

தொழில் தெரிந்த எவன் கேட்டாலும் சிரிப்பான். கம்பி விட்டால் ஏபிஎஸ்தான் படுக்கும், பிரேக் போகாது. தம்பிக்கு அது தெரியாது.

எழுந்தான். அண்ணன் சட்டையைப் பிடித்து அறைந்தான். "பாவி! உன்னை நம்பித்தானேடா அவ வண்டியை விடச் சொன்னா!" அவர் கையைத் தடுக்கவில்லை. அறைந்த கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதான். அழுது ஓய்ந்தபின் அண்ணி வைத்த சோற்றைத் தின்றான். தின்றுவிட்டுப் போனவன் அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்கவில்லை.

பார்த்தவர்களிடமெல்லாம் அண்ணன் செய்த கோலத்தைச் சொன்னான். பிரேக் வேலை அவரிடம் வருவது நின்றது. நிஜமா என்று கேட்டவர்களுக்கு "ஆமா" என்றார். "செய்யாத தப்பை ஏன் தலையில தூக்கி வச்சுக்கிறீங்க?" என்று மனைவி அழுதாள். தம்பி வேலைக்குப் போகிறான் என்று காதில் விழுந்த அன்று, அவளிடம் அதைச் சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

பிறகொரு நாள் சந்தை வாசலில் தம்பியைப் பார்த்தார். யாருடைய பிக்கப்பையோ ஓட்டிக்கொண்டு வந்தான். புத்தம் புது வண்டி. அதில் எல்லாம் உயிரோடு இருக்கும். அழுத்தி மிதித்தால் துடிக்கும். துடித்தால் காலை எடுப்பான். பிரேக் கெட்டால்தான் துடிக்கும் என்று சொல்லிக்கொடுத்ததே அவர்தானே!

ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். "டேய், ஒரு நிமிஷம். ஒண்ணே ஒண்ணு சொல்லணும்டா."

தம்பி கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தான்.

"மிதிச்ச காலை எடுக்காதேடா! துடிச்சாலும் எடுக்காதே!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். சந்தையே திரும்பிப் பார்த்தது. தம்பி பார்க்கவில்லை.