அட்டையில்லாத புத்தகமும் டெம்போவில் ஏறிய ரோஸ்மேரியும்

ரோஸ்மேரி டெம்போக்காரன் குணாவோடு ஓடிப்போய்விட்டாள் என்று எங்கள் வீதியில் ஒரே மத்தியானத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். டீக்கடையில் நான் கேட்டபோது வெறும் டெம்போதான். பால் பூத் வருவதற்குள் அதில் ஒரு சூட்கேஸ் ஏறியிருந்தது. கோயில் முக்குக்கு வந்தபோது இரண்டு பேரும் தாராபுரத்தில் மாலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாலை ரோஜாவா சம்பங்கியா என்பதில் மட்டும்தான் ஊருக்குள் கொஞ்சம் அபிப்பிராய பேதம்.

வதந்திக்கு நான் விரோதி இல்லை. டீக்கு வடை மாதிரி, இல்லாவிட்டால் இறங்காது. ஆனால் இந்த விவகாரம் என் கண் முன்னால் தொடங்கியது. ரோஸ்மேரி வேலை பார்த்த பிரிண்டிங் பட்டறையில்தான் நான் கலர் கலக்குகிறேன். குணா என் பக்கத்து வீடு. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மாலை இதில் வராது, ஏமாற வேண்டாம்.

ரோஸ்மேரிக்கு ஊர் உடன்குடிப் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. புருஷன் சகாயராஜ் சாயப்பட்டறையில் வேலை. பேச்சுக்கும் கூலி கேட்பான் போலிருக்கும், அவ்வளவு சிக்கனம்.

எங்கள் பட்டறையில் பனியன் துணியின் மார்புப் பக்கத்தில் படம் அடிப்போம். ரப்பர் பிரிண்ட் காய்ந்த மாதிரிதான் இருக்கும், அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு துணிக்கும் நடுவில் ஒரு தாள் வைக்க வேண்டும். அதற்காகவே முதலாளி பெருமாள்சாமி பழைய புத்தகங்களை எடைக்கு வாங்கிக் குவித்திருப்பார். அவற்றைக் கிழித்துக் கிழித்து வைப்பதுதான் ரோஸ்மேரியின் வேலை. கணக்குப் புத்தகம், சமையல் புத்தகம், சட்டப் புத்தகம் எல்லாம் அவள் கையில் ஒரே மாதிரிதான் கிழியும்.

ஒரு நாள் பிரிண்டைக் காய வைக்கிற மெஷின் படுத்துவிட்டது. எல்லோரும் செல்போனில் விழுந்தார்கள். அவள் போனில் சார்ஜ் இல்லை. சும்மா இருக்க முடியாமல் குவியலில் கை விட்டு ஒரு புத்தகத்தை உருவினாள். அட்டை கிடையாது, முன்பக்கங்களும் கிடையாது. மெஷின் சரியானது. நான் கூப்பிட்டேன், சூபர்வைசர் கூப்பிட்டார், அவள் காதிலேயே விழவில்லை.

அன்றோடு ஆளே மாறிப்போனாள். எந்தப் புத்தகத்தையும் நாலு வரி பார்க்காமல் கிழிப்பதில்லை. புது மூட்டை வந்து இறங்கினால் கல்யாண வீட்டில் பலகாரத் தட்டு வந்த மாதிரி முகம். தனியாகச் சிரிப்பாள். சமையல் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பசிக்கிறது என்பாள். ஆனால் அந்த அட்டையில்லாத புத்தகத்தை மட்டும் கிழிக்கவில்லை. மேஜைக்கு அடியில் காலி டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தாள்.

"ஏனுங்க்கா, ஊட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சா ஆகாதுங்களா?" என்று கேட்டேன்.

"கேட்டுல வாட்ச்மேன் பைய ஒதறிப் பாக்கான்லா? புக்கு விழுந்தா நாளைக்கு ஊரு பூரா சிரிக்கும். இங்கனயே கெடக்கட்டும்."

சாப்பிடும்போது கதையை எனக்கும் சொல்வாள். ஒரு கிராமத்தில் அக்கா, தங்கச்சி. ஊர்ப் பெரியவர் வைக்கோற்போர் எரிந்துபோகிறது. பழி அக்கா தலையில் விழுகிறது. தீ வைத்தது யார் என்று பார்த்த ஒரே ஆள் தங்கச்சி. ஆனால் வைத்தவன், அவள் கட்டிக்கொள்ளப் போகிற மாப்பிள்ளை. மறுநாள் காலையில் ஊர்க்கூட்டம்.

"அப்புறம்?"

"அப்புறம் நாளைக்கு. நானும் அம்புட்டுதான் படிச்சிருக்கேன்."

"சீரியல்காரங்க தோத்தாங்க போங்க."

அவள் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா. எங்கம்மா கம்மலு காணாமப் போச்சு, நான்தான் எடுத்தேன்னுட்டாவ. எங்கண்ணன் வித்தத அவ பாத்தா. பாத்துட்டு வாயத் தொறக்கல. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் இந்த ஊருல வந்து பேப்பரு கிழிக்கேன்? இவளாவது சொல்லுதாளான்னு பாக்கணும்."

இன்னும் சில பக்கம்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

அவள் இடத்தில் பாண்டியம்மாளை நிறுத்தினார்கள். அன்றைக்கு அவசர ஆர்டர், கண்ணாடி போட்ட கரடி படம். தாள் தீர்ந்துவிட்டது. பாண்டியம்மாள் டப்பாவை நகர்த்தினாள், புத்தகம் கிடைத்தது. அவசரத்தில் பிரிண்ட் சரியாகக் காய்வதற்குள்ளேயே தாளை வைத்து அமுக்கிவிட்டாள். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. கரடி தாளைக் கவ்விக்கொள்ளும்.

காலையில் ரோஸ்மேரி வந்ததும் குனிந்து பார்த்தாள். "இங்கன இருந்த புக்கு எங்க?"

"அட்டையில்லாததா? கிழிச்சாச்சு" என்றாள் பாண்டியம்மாள்.

"கிழிச்சியா? எந்தக் கட்டுல வச்ச?"

"கரடிக் கட்டுல. அந்தா, வண்டியில ஏத்திட்டாக."

வாசலில் குணா டெம்போவைக் கிளப்பிக்கொண்டிருந்தான். ரோஸ்மேரி ஓடினாள். செருப்பு ஒன்று பட்டறையிலேயே கிடந்தது. முதலாளி "எங்கீங்க போறீங்க?" என்று கேட்கும்போதே கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறிவிட்டாள். ஊர் பார்த்தது இதை மட்டும்தான்.

இனிச் சொல்வது குணா சொன்னது. சோமனூர் ரோட்டில் ஒரு தையல் யூனிட். சரக்கு இறங்கியவுடனே கட்டைப் பிரித்து, தாளை உருவிக் குப்பைச் சாக்கில் போடுவது அங்கே வழக்கம். ரோஸ்மேரி அந்தச் சாக்கைத் தரையில் கவிழ்த்து மண்டி போட்டுவிட்டாள். கணக்குப் புத்தகத் தாள்களுக்கு நடுவில் கதையைத் தேடித் தேடிப் பொறுக்கினாள். கிடைத்ததை அங்கேயே உட்கார்ந்து படித்தாள். ஊர்க்கூட்டம் கூடுகிறது. அக்கா தலை குனிந்து நிற்கிறாள். தங்கச்சி எழுந்திருக்கிறாள். அடுத்த தாள் இல்லை.

கழித்துப் போட்ட துணிகளைக் கிளறியபோது அது இருந்தது. கரடியின் முகத்தில் அப்பிக்கொண்டிருந்தது. தெரிந்த பக்கத்தின் கடைசி வரி, தங்கச்சி வாயைத் திறந்தாள் என்பதோடு நின்றது. அவள் சொன்னது பின்பக்கத்தில், ரப்பருக்குள்.

நகத்தால் உரித்தாள். ஓரம் கிழிந்து வந்தது. உடனே கையை எடுத்துக்கொண்டு, துணியோடு சுருட்டி நெஞ்சில் அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"பீஸத் தூக்கிட்டுப் போகுதுங்க!" என்று செக்யூரிட்டி கத்தினார். தையல் மெஷின்களெல்லாம் நின்றன.

அங்கே சூபர்வைசர் சென்னியப்பன். "பட்டப்பகல்ல திருட்டா? வேற யூனிட்டுல வேல கெடைக்காமப் போயிருமுங்க, பாத்துக்கங்க."

"துணி ஒனக்கே இருக்கட்டும். இந்தத் தாள மட்டும் கிழியாம எடுத்துக் குடு. ஒன் காலப் புடிக்கேன்."

"ஒரு தாளுக்கா இத்தன கூத்து? என்னங்க இருக்குது அதுல?"

"அவ என்ன சொன்னான்னு இருக்கு!"

யார் அவள், யாரிடம் சொன்னாள் என்று சென்னியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒரு பொம்பளை அப்படி அழுததை அவர் பார்த்ததில்லையாம். கறை எடுக்கிற ஸ்பிரே கன்னைக் கொண்டுவந்து தாளின் மேல் அடித்தார். தாள் நைந்து வந்தது. எழுத்து மட்டும் கரடி முகத்திலேயே இடவலமாக மாறி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு தையல் பிள்ளை கைக்கண்ணாடியை நீட்டினாள். ரோஸ்மேரி அதில் பார்த்து எழுத்துக் கூட்டினாள்: "அக்கா..."

அதற்கு மேல் மருந்து பட்டு மை கரைய ஆரம்பித்தது. ஊதிப் பார்த்தாள். முந்தானையால் ஒற்றிப் பார்த்தாள். ஒற்றியதில் இருந்ததும் போயிற்று. கரடி கறுத்த மூஞ்சியோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும் வழியில் சகாயராஜ் போன் செய்தான். மாலை மாற்றியது வரைக்கும் அவன் காதுக்கும் போயிருந்தது. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டான்.

அவசர ஆர்டரில் வேலையை விட்டு ஓடியதற்கு முதலாளி அவளை நிறுத்திவிட்டார். இப்போது வேறு இடத்தில் செக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் ஊர் ராயபுரத்துப் பக்கம் இருக்கிற நூலகத்துக்குப் போகிறாள். ஒரு தடவை நானும் கூடப் போனேன்.

நூலகத்தில் இருக்கிற சித்ரகலா மரியாதைக்காரி. "பேரு தெரிஞ்சாச் சொல்லுங்க்கா, எடுத்துத் தாரனுங்க."

"பேரு தெரியாதும்மா."

"எழுதுனவங்க?"

"அதும் தெரியாது. வைக்கப்போரு எரியும். தங்கச்சி எந்திரிச்சு நிப்பா."

சித்ரகலா தேடினாள். தனக்குத் தெரிந்த நாலு பேருக்குப் போன் போட்டுக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. சரி, தானே தேடிக்கொள்கிறேன் என்று ரோஸ்மேரி ஒரு தட்டிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். எடுத்தவுடனே கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறாள். இருந்தால்தான் உட்காருகிறாள். தான் தேடுகிற புத்தகம் இது இல்லை என்று பத்துப் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது, ஆனாலும் வைக்க மனசு வராமல் முடிவு வரை படிக்கிறாள். கப்பல்காரன் கதை, கள்ளன் கதை, எங்கேயோ பனி பெய்கிற ஊர்க் கதை என்று எனக்கும் சொல்கிறாள். சொல்லும்போது முகம் பழைய மாதிரி மலர்கிறது. முடித்தவுடன் வாடிவிடுகிறது. அந்தத் தங்கச்சி இன்னும் வாயைத் திறந்தபடியேதான் நிற்கிறாள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது கேட்டேவிட்டேன். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்களும் குணாவும் தாராபுரத்துல மால மாத்துனீங்கன்னு ஊருல இன்னமும் சொல்றாங்களே?"

ரோஸ்மேரி நடையை நிறுத்தவில்லை.

"குணாவா? அவன் மூஞ்சி எப்பிடி இருக்கும்னே அன்னைக்கு நான் பாக்கலடே. வண்டி அவன் வண்டி, அம்புட்டுதான். கழுத ஓட்டிட்டுப் போயிருந்தாலும் அதுலதான் ஏறியிருப்பேன். நான் போனது ஒருத்தி என்ன சொன்னான்னு கேக்க. கேட்டுட்டா வந்தேன்? இல்ல. போயி ஒன் ஊர்ல சொல்லு."