நாலாவது ஆளாக ஒரு கல்

காத்து, கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். கேஸை மூடினேனா, மோட்டார் சுவிட்சை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவன், இருக்கிறதற்குக் கவலைப்படவே பொழுது போதவில்லை, இதில் இல்லாததற்கு வேறு எங்கே பயப்படுவது. எட்டாவதோடு நின்றவன், விவரம் புரியாமல் உளறுகிறான் என்று நீங்கள் நினைத்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

ஒலக்கூர் பக்கம் எங்கள் ஊர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுகிறோம், தண்ணீர் இருந்தால் நெல். என் மனைவி செல்விக்கு கிட்னி இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை விழுப்புரம் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஒரு முறை தவறினால் போதும், கால் வீங்கி, மூச்சு இழுத்து, படுக்க முடியாமல் உட்கார்ந்தே கிடப்பாள். முடித்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் மயங்கி விழுந்தாள் என்றுதான், மூன்று கை மாறி வந்த ஒரு பழைய காரை வாங்கினேன்.

முதலில் நன்றாகத்தான் ஓடியது. அப்போதெல்லாம் செல்வியின் அம்மாவும் தம்பி குமாரும் கூடவே வந்தார்கள், நாலு பேராகப் போய் வந்தோம். பிறகு மாமியாருக்கு முட்டிவலி, குமாருக்கு வேலை, நாங்கள் இரண்டு பேர் மட்டும் போக ஆரம்பித்தோம். அப்போது பிடித்தது தொல்லை. சாவியைத் திருப்பினால் விளக்கெல்லாம் எரியும், 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லித்தான் கிளப்ப வேண்டும். ஆனால் நான் மட்டும் உரம் வாங்கப் போனால் தொட்டதும் கிளம்பும். எங்கள் இரண்டு பேரோடு திண்டிவனம் வரைக்கும் வருகிறேன் என்று யாராவது ஏறிக்கொண்டாலும் கிளம்பும். வெயிலா, ஈரமா, டீசல் குறைவா என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம். ஒரு நாள் காரைத் தள்ளியும் கிளம்பாமல் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அவளுடைய முறை போய்விட்டது. அடுத்த நாள் வரை அவள் மூச்சு வாங்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை இப்படி ஆனால் உடம்பு தாங்காது என்று நர்ஸ் சொல்லிவிட்டார்கள்.

திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், பாய் என்றுதான் கூப்பிடுவேன். பேட்டரி மாற்றினார், எர்த் ஒயரைக் கழற்றிச் சுரண்டிப் போட்டார், செல்ப் மோட்டாரைப் பிரித்து கார்பன் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் கார் சமர்த்தாகக் கிளம்பும்.

"இன்னா தலைவரே, வண்டி நல்லாத்தான் கீது. உன்னத்தான் ஒரு நாளு பிரிச்சுப் போட்டு சர்வீஸ் பண்ணணும்" என்றார்.

"பாய், பொம்பளய வெச்சுக்கினு வெயில்ல நின்னா தெரியும் என் பேஜாரு."

"ஒயர்ல எங்கியோ லூசு. உன் முன்னால வருது, என் முன்னால ஒளியுது. கம்ப்ளைன்ட் கண்ணுல பட்டாத்தான நான் புடிக்க முடியும்?"

அது நியாயம்தான். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில் குமார் தானும் வருவதாகச் சொன்னான். மூன்று பேர். எங்கள் பக்கம் முக்கியமான காரியத்துக்கு மூன்று பேராகப் போக மாட்டார்கள், போய்த்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு சின்னக் கல்லை எடுத்து நாலாவது ஆள் என்று கூட வைத்துக்கொள்வார்கள். செல்வி வாசலில் குனிந்து ஒரு கல்லை எடுத்து சீட்டில் வைத்தாள். அதற்குள் குமாருக்கு போன் வந்துவிட்டது, முதலாளி கூப்பிடுகிறார் என்று இறங்கிப் போய்விட்டான். கல்லை எடுக்க இருவருக்குமே தோன்றவில்லை. நான் பயந்துகொண்டே சாவியைத் திருப்பினேன், கார் கிளம்பிவிட்டது.

டயாலிசிஸ் முடிந்து வந்து காரில் ஏறும்போது, "ரெண்டு பேருக்கு எதுக்குங்க கல்லு" என்று அதை எடுத்து வெளியே போட்டாள். சாவியைத் திருப்பினேன். டிக். மறுபடி டிக். அவள் கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டாள், முகம் வெளுத்திருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, இறங்கி அந்தக் கல்லைத் தேடி எடுத்துவந்து சீட்டில் வைத்தேன். பட்டப்பகல், சுற்றிலும் ஆட்டோவும் ஜனமும். கார் கிளம்பியது. நம்ப வேண்டாம், நானே நம்பவில்லை.

அடுத்தடுத்த தடவை வேண்டுமென்றே சோதித்துப் பார்த்தேன். கல் இருந்தால் கிளம்புகிறது, இல்லாவிட்டால் இல்லை. கல் என்பது மூன்று பேருக்கு. நாங்களோ இரண்டு பேர். இதில் மூன்றாவது யார் என்று நினைத்தால் தலை சுற்றியது.

பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"முப்பது வருசமா ஒயர் தடவுறேன், கல்லு வெச்சு ஸ்டார்ட் பண்ற வண்டிய நீதான் கொண்ணாந்துக்கீற. வா, நீயும் ஏறு. ரெண்டு பேரு, கல்லு இல்ல. பாக்கலாம்."

ஏறினோம். கிளம்பியது. அணைத்து அணைத்துத் திருப்பினார், ஒவ்வொரு தடவையும் கிளம்பியது.

"போதுமா? ஜல்தியா வூட்டுக்குப் போயி தங்கச்சியப் பாரு. மனசப் போட்டுக் கொழப்பிக்காத."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. நம் மூளைதான் கோளாறு, கார் சரியாகிவிட்டது என்று வந்தேன். மறுநாள் செல்வி ஏறி உட்கார்ந்தாள். டிக். அவள் இறங்கி ஒரு கல்லை எடுத்துக்கொண்டு வந்தாள்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை. குமார் அப்போதுதான் ஒரு ஆட்டோ எடுத்திருந்தான், ஷோரூம் வாசனைகூடப் போகாத வண்டி. அக்காவை நான் கூட்டிப் போகிறேன் என்றான். கல் விஷயத்தை நான் அவனிடம் சொன்னதே இல்லை, சிரிப்பான் என்று. புது வண்டிதானே, காரில் இருப்பது காரோடுதானே இருக்கும் என்று பேசாமல் படுத்திருந்தேன். சாயங்காலம் போன் செய்தான்.

"மாமா, விழுப்புரத்துலருந்து பேசறேன். அக்காவுக்கு டயாலிசிஸ் முடிஞ்சுடுச்சு. வண்டிதான் ஸ்டார்ட் ஆவல மாமா. புது வண்டி மாமா, வர்றப்பவும் இப்பிடித்தான் ரொம்ப நேரம் படுத்துச்சு."

"வரும்போது எப்பிடிரா கெளம்புச்சு?"

"பக்கத்து வூட்டு ஆயாவ கூட்டுரோடு வரைக்கும் ஏத்திக்கினேன், அப்பத்தான் கெளம்புச்சு."

போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். "குமாரு, கீழ ஒரு கல்லு எடுத்து அக்கா பக்கத்துல வை" என்றேன்.

"இன்னா மாமா?"

"வைடா."

அவன் ஏதோ முணுமுணுப்பதும், பிறகு இன்ஜின் சத்தமும் போனில் கேட்டது.

பாயிடம் நான் அதற்குப் பிறகு போகவில்லை, அவர் பார்த்துச் சரிசெய்கிற கோளாறு இதில் எதுவும் இல்லை. ஒரு முறையும் தவறாமல் செல்வியைக் கூட்டிப் போய் வருகிறேன், கல்லும் வருகிறது. டாக்டர் அவளுடைய ரத்தம் இப்போது பரவாயில்லை என்கிறார். பயப்படுவதா, கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் அவள் என் பக்கத்தில் உட்காருவதில்லை, பின்சீட்டில்தான். போன வாரம் பைபாஸில் கண்ணாடியில் பார்த்தேன். அவ்வளவு பெரிய சீட்டில், கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு, காலை ஒடுக்கி உட்கார்ந்திருந்தாள்.

"சீட்டு முழுக்க காலியாத்தான் இருக்குது, நல்லா தள்ளி ஒக்காரேம்மா" என்றேன்.

செல்வி தன் பக்கத்திலிருந்த காலி இடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "எனக்கு இந்த எடம் போதுங்க" என்றாள்.