கலைமதி பிடித்துக் கொடுத்த குரங்குகள்

செஞ்சி பஜாரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கோட்டைக் குரங்குகளைப் பிடித்துக் கொடுத்தது கலைமதிதான் என்பார்கள். கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. ஆனால் குரங்குகளை அப்புறப்படுத்தச் சொல்லி மனு எழுதியபோது அதில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது. முதல் கையெழுத்து வணிகர் சங்கச் செயலாளர் ராமகிருஷ்ணனுடையது. கலைமதி அந்த மனுவைத் தொடக்கூட இல்லை.

அவளுக்கு முப்பத்தோரு வயது. சிங்கவரம் காலனி. அவளுடைய அப்பா கன்னியப்பன் எங்கள் மளிகைக் கடையில் இருபது வருஷம் மூட்டை இறக்கியவர். என் அப்பா சொக்கலிங்கம் இருந்தவரை கன்னியப்பன் கடைக்குப் பின்பக்கமாகத்தான் வந்து போவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அவர் எங்களை முதலாளி என்றுதான் கூப்பிடுவார். மகள் கலைமதியோ காலேஜ் சேர்ந்த வருஷம் முன்வாசல் வழியாக நேரே கல்லாவுக்கு வந்து, "நைனா சாப்பாட்டை மறந்துட்டு வந்துட்டாருண்ணே, குடுத்துடுங்க" என்று தூக்குவாளியை மேஜைமேல் வைத்தாள். அன்றிலிருந்து அவளைப் பார்த்தால் எனக்கு மரியாதையும் லேசான எரிச்சலும் சேர்ந்தே வரும்.

தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்தாள். வேலை கிடைக்கவில்லை. நர்சரி பள்ளியில் நாலு வருஷம் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஒரு தொண்டு நிறுவனம் செஞ்சிக்கு வந்தது. கோட்டை மலைகளைச் சுற்றியிருக்கிற புதர்க்காட்டையும், அதில் இருக்கிற பறவை, குரங்குகளையும் கெடுக்காமல் ஜனங்களுக்குக் காட்டுவது, அதில் உள்ளூர்ப் பெண்களுக்கும் நாலு காசு கிடைக்கச் செய்வது என்று ஒரு திட்டம். பொறுப்பான சுற்றுலா என்று பெயர் வைத்திருந்தார்கள். வழிகாட்டியாகக் கலைமதியைத் தேர்ந்தெடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு மழைக்காட்டுத் தேசியப் பூங்காவுக்கு நாற்பது நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

திரும்பி வந்ததும் நேரே கடைக்குத்தான் வந்தாள். காலெல்லாம் அட்டைக் கடித் தழும்பு. அதைக் காட்டிக்காட்டிச் சிரித்தாள்.

"தலைக்கு மேல சிங்கவால் குரங்குண்ணே, இருபது இருக்கும். கீழ நாங்க பதினஞ்சு பேரு வாய மூடிக்கினு நிக்கிறோம். ஒண்ணுகூடக் குனிஞ்சு பாக்கல. அதுபாட்டுக்குப் பலாப்பழம் பிச்சுத் தின்னுக்கினு இருக்குது. நம்மள ஒரு ஆளாவே மதிக்கல. இன்னா அழகு தெரியுமா."

"மதிக்காததுல இன்னா அழகு?" என்றேன்.

"அது எதுக்கும் நம்ம கைய எதிர்பாக்கல இல்ல, அதான்" என்றாள்.

நம் ஊர்க் கதை அப்படியா இருந்தது? கோட்டை வாசலில் பாவாடை என்பவர் தள்ளுவண்டியில் வேர்க்கடலை விற்பார். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் தின்பதற்கு வாங்குவதில்லை. சனிக்கிழமையானால் ஆஞ்சநேயருக்கு வேண்டிக்கொண்டு வாழைத்தாரையே குரங்குக்குக் கொண்டுவந்து போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிற கூட்டம் சிப்ஸ் பாக்கெட்டைக் குரங்கின் கையில் கொடுத்து போட்டோ எடுக்கும். மலையில் இருக்க வேண்டியவை திருவண்ணாமலை ரோட்டில் உட்கார்ந்துகொண்டு கார் கண்ணாடியைத் தட்டின. மாதத்துக்கு இரண்டு அடிபட்டுச் சாகும். செத்த குட்டியை நாலு நாள் மார்போடு கட்டிக்கொண்டு அலைந்த தாயை நானே பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு கடைக்கு வந்தேன்.

கலைமதியால் அப்படித் திரும்ப முடியவில்லை. இந்தக் குரங்குகள் மனிதன் கையை எதிர்பார்க்காமல் பிழைக்க வேண்டும், அதை ஜனங்கள் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. வேறு எதிலும் அவள் இவ்வளவு பிடிவாதம் பிடித்து நான் கண்டதில்லை, கல்யாணம் உட்பட.

தினமும் விடியும்போது ஏறிப்போய்ப் பாறையில் உட்காருவாள். கையில் ஒன்றும் இருக்காது. முதலில் பல்லைக் காட்டி மிரட்டின. மடியில் தேடின. ஒன்றும் கிடைக்காது என்று புரிந்ததும் விட்டுவிட்டன. ஆறு மாதத்தில் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும். நாற்பத்தோரு குரங்குகள். எல்லாவற்றையும் முகம் வைத்தே சொல்லுவாள். அதில் ஒரு பெண் குரங்குக்கு வால் பாதியில் அறுந்திருக்கும். மொட்டைவாலி என்று பெயர். மற்ற பெண் குரங்குகள் எல்லாம் அதன் பின்னால்தான் போகும்.

காலையில் பத்துப் பேராகக் கூட்டிப் போனாள். போய் வந்தால் மகளிர் குழுவின் சாமுண்டீஸ்வரி கையால் கேழ்வரகு அடையும் மோரும். பாவாடைக்குத் தள்ளுவண்டியை விட்டுவிட்டு காவல் வேலை, ஒரு விசில், ஒரு பச்சை ஜாக்கெட். யாரும் குரங்குக்கு எதையும் போடக் கூடாது. பெரிய காரில் வந்த ஒருவர், "என் பழம், நான் போடுறேன், உனக்கு இன்னாமா?" என்று எகிறினார். "பழம் உங்களுதுதான் சார், அதுங்க உங்களுது இல்லயே" என்றாள். அவர் திட்டிக்கொண்டே பழத்தைத் தானே தின்றார்.

எட்டு மாதத்தில் மலையில் ஒரு கடலைகூட விழவில்லை. ரோட்டில் குரங்கு இல்லை. பள்ளிக்கூடங்களிலிருந்து பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் வந்தார்கள். வெளியூரிலிருந்து பெரிய பெரிய ஆட்கள் வந்து பாராட்டினார்கள். அவளுக்கு அந்த வருஷம்தான் நல்ல வருஷம். வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்து வந்த கோடையில் மழையே எட்டிப் பார்க்கவில்லை. ரோட்டை அகலப்படுத்த புளியமரங்களை வெட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மலையில் இருந்தது நாலு ஆலமரமும் கொஞ்சம் சூரைச்செடியும்தான். குரங்குகள் கொஞ்ச நாள் பாறையில் சும்மா உட்கார்ந்திருந்தன. பிறகு இறங்கின. சிங்கவரத்தில் கடலைக் கொல்லைகளை வரிசையாகப் பிடுங்கிப் போட்டன. அங்கே விரட்டியதும் பஜாருக்கு வந்தன. என் கடையில் பொட்டுக்கடலை மூட்டையைக் கிழித்தன. ஒரு காய்கறிக் கடையில் தராசைத் தூக்கிக்கொண்டு ஓடின. ஷோபனா டீச்சர் வீட்டுப் பெண் குழந்தையைக் கடித்தது ஒன்று. கன்னத்தில் நாலு தையல்.

"பட்டினி போட்டா ஊருக்குள்ள வராம எங்க போவும்? அந்தப் பொண்ணு படிச்சு கிழிச்சது இதுதான்" என்றார் ராமகிருஷ்ணன். மனு தயாரானது. சிங்கவரத்திலேயே அவள் வீட்டோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். கன்னியப்பன் கிணற்றடிக்குப் போனால் அங்கிருந்தவர்கள் எழுந்து போனார்களாம்.

கலைமதி கடைக்கு வந்தாள். வெயிலில் அலைந்து முகம் கறுத்திருந்தது. நான் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தப்பு என்னுதுதாண்ணே. அங்க காடு சோறு போட்டுது. அதனால கை நீட்டாதீங்கன்னு சொன்னா சரியா இருந்துது. இங்க மரத்தயெல்லாம் வெட்டிட்டு நாமதான் போட்டுக்கினு இருந்தோம். அதப் பாக்காம அங்க சொன்னத அப்படியே தூக்கினு வந்துட்டேன். மொதல்ல மரம் வெச்சிருக்கணும்."

"இப்ப இன்னா செய்யணுங்கிற?"

"மலைக்கு அந்தாண்ட தண்ணித் தொட்டி கட்டலாம். அத்தி, நாவல் வெக்கலாம். அது காய்க்கிற வரைக்கும் அங்கயே கொஞ்சம் கொஞ்சமா தீனி வெச்சு, வருஷா வருஷம் கொறைக்கலாம். அஞ்சு வருஷம் குடுத்தா போதும். நீங்க சங்கத்துல ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"அஞ்சு வருஷம் கடையை இழுத்து மூடிட்டுக் குந்தியிருக்கட்டுமா?" என்றேன்.

அவள் படியிறங்கிப் போனாள். நான் சங்கத்தில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

குரங்குகளைப் பிடித்து வேறு காட்டில் விடச் சொல்லி வனத்துறை உத்தரவு வந்தது. வெளி மாவட்டத்திலிருந்து பிடிக்கிற ஆட்கள் கூண்டுகளோடு வந்தார்கள். உள்ளே பழம், பலகாரம் எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். மூன்று நாளில் ஒன்றுகூட நுழையவில்லை. நாலாம் நாள் வல்லம் போகிற வழியில் மூன்று குரங்குகள் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தன. பக்கத்தில் மருந்து தடவிய தக்காளி. யார் வைத்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பஜாரில் பாதிப் பேரை விசாரிக்க வேண்டியிருக்கும்.

பிடிக்க வந்த அதிகாரி தேவேந்திரன் கெட்ட மனிதர் இல்லை. அவரே கலைமதியைத் தேடிப் போனார். "உங்களப் பாத்தா ஓட மாட்டேங்குதுங்கம்மா. நீங்க உக்காந்தா வரும். இல்லன்னா இன்னும் தக்காளி வெப்பாங்க" என்றாராம். அவள் இரண்டு விஷயம் கேட்டாள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து ஒன்றாகத்தான் விட வேண்டும். விடுகிற இடத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், ரோடு இருக்கக் கூடாது. சரி என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு நான் ஷட்டரைத் தூக்கும்போது அவள் நின்றிருந்தாள். "ரெண்டு கிலோ வறுத்த கடலை குடுங்கண்ணே." எதற்கு என்று எனக்குத் தெரியும். அள்ளிப் போட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன். மலையடியில் பெரிய கூண்டு ஒன்றின் வாசலில் அவள் உட்கார்ந்திருந்தாள், வழக்கமாகப் பாறையில் உட்காருகிற மாதிரியே. அரை மணி நேரம். மொட்டைவாலி இறங்கி வந்தது. வயிற்றில் குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. கலைமதி கையை நீட்டினாள். இத்தனை நாளில் நீட்டாத கை. அந்தக் குரங்கு கடலையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு அவள் உள்ளங்கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. அவள் மீதியை உள்ளே போட்டாள், அது உள்ளே போனது. மற்றவை அதன் பின்னாலேயே போயின. இரண்டு மணி நேரத்தில் உயிரோடு மிச்சமிருந்த முப்பத்தெட்டும் கூண்டுக்குள். கதவு விழுந்தபோது எழுந்த கூச்சலை நான் மறக்கவே போவதில்லை. கலைமதி காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. பாவாடைதான் ஜாக்கெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார்.

லாரியில் அவளையும் ஏற்றிக்கொள்ளக் கேட்டாள். விதியில் இடமில்லை என்றார்கள்.

நாற்பது நாள் கழித்துத்தான் எந்த இடத்தில் விட்டார்கள் என்று தெரிந்தது. மேற்கே மூன்று மணி நேரத்தில் ஒரு மலை. அங்கிருந்த வனத்துறை அலுவலகம் ஒரே இடத்தில் இத்தனையை ஏற்க மாட்டோம் என்று சொல்ல, இரண்டாகப் பிரித்து, இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று மலைப்பாதை ஓரத்திலேயே திறந்துவிட்டிருக்கிறார்கள். அவள் பஸ்ஸில் போவதாக இருந்தாள். நான் என் வேனில் கூட்டிப்போகிறேன் என்றேன். என்ன பிராயச்சித்தமோ, ஒரு தார் வாழைப்பழமும் ஏற்றிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

ஒன்பதாவது வளைவில் தடுப்புச் சுவர்மேல் ஒன்பது குரங்குகள் உட்கார்ந்திருந்தன. இளைத்து, முடி கொட்டி. நடுவில் மொட்டைவாலி. வயிற்றில் குட்டி இல்லை. "இருக்குதுண்ணே, இருக்குது" என்று சொல்லிக்கொண்டே கலைமதி இறங்கி நடந்தாள்.

பத்தடி போயிருப்பாள். மொட்டைவாலி நிமிர்ந்து பார்த்தது. ஒரு கத்தல். ஒன்பதும் சுவரிலிருந்து குதித்து, சரிவில் இறங்கி, மரத்துக்கு மரம் தாவி, கண்ணுக்கே தெரியாத உயரத்துக்குப் போய்விட்டன. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

நான் பழத்தைச் சுவர்மேல் வைத்துவிட்டு ஒதுங்கினேன். வரவில்லை. "நான் வண்டில ஒக்காந்துக்கிறேன். என்னப் பாத்துதான் ஓடுதுங்க. நீங்க போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கலைமதி போய் வேனுக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். அஞ்சு நிமிஷத்தில் இறங்கி வந்துவிட்டன. மனுவில் கையெழுத்துப் போட்டவன் நான். என் கையிலிருந்து பிடுங்கித் தின்றன.

வேனுக்குத் திரும்பினேன். அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"என்னப் பாத்து ஓடுற மாரி எல்லா மனுஷனையும் பாத்து ஓடினா பொழைச்சுக்கும்ணே."

அவள் சொல்லி முடிக்கும்போது ஒரு கார் மெதுவாகி நின்றது. கண்ணாடி இறங்கியது. ஒரு சின்னப் பெண் பிஸ்கட்டை வெளியே நீட்டினாள். மொட்டைவாலி சுவரிலிருந்து இறங்கி, ரோட்டின் நடுவே நடந்து போய்க் கையை நீட்டியது. கலைமதி வேனின் கதவைத் திறந்து, அதன் கண்ணில் படுகிற மாதிரி வெளியே வந்து நின்றாள்.