நான் அறைந்த இடது காது

ஒரு மனிதனின் செவிப்பறையை நான் அறைந்து கிழித்தேன். அவனுக்கு முப்பத்தாறு வயது, இரண்டு பெண்களுக்குத் தகப்பன். எனக்கு அறுபத்தைந்து.

நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன். நெய்வேலியில் மகனுடைய குவார்ட்டர்ஸ் வராந்தாவில், பர்மனன்ட் ஆவதற்கான எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிகளுக்கு ஞாயிறுதோறும் பாடம் எடுத்தேன். என் குறிப்புகளை அவர்கள் வாட்ஸ்அப்பில் பகிரத் தொடங்கியிருந்த காலம்.

எது மெட்டஃபர், எது இடியம் என்பதில் எல்லோரும் தடுமாறினார்கள். ஒன்று, பேசுகிறவன் தானே கண்டுபிடிக்கும் ஒப்புமை. மற்றது, ஊரே சொல்லிச் சொல்லி இறுகிப்போன தொடர். இதைப் பொறுமையாக விளக்காமல் ஒரு குறுக்குவழி சொன்னேன்: "படிச்சதும் கண்ணுக்குள்ள படம் தெரிஞ்சா மெட்டஃபர். தெரியலன்னா இடியம். அவ்வளவுதான்."

நான் அறைந்த அன்று, அந்தத் தொழிலாளிகளில் ஒருவனான அவன் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தான். 'பைட் த டஸ்ட்' எது என்று கேட்டேன். நாம் மண்ணைக் கவ்வுவது என்கிறோமே, அதுதான்.

"மெட்டஃபருங்க சார்."

"இடியம்டா."

"இல்லீங்க, படம் தெரியுதுங்களே. எங்கண்ணன் கெணறு வெட்டறப்ப மண்ணு சரிஞ்சி செத்துட்டாரு. தூக்கறப்ப வாய் நெறைய மண்ண கவ்விகினு இருந்தாரு. நீங்க சொன்ன மாதிரிதானுங்க பாத்தேன்."

பின்னாலிருந்து ஒருவன், "சாரே மண்ண கவ்விட்டாருய்யா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனைப் பற்றிச் சொன்ன அவன் மட்டும் சிரிக்கவில்லை. செத்துப்போன அண்ணன் என் காதில் விழவில்லை. சிரிப்பு மட்டும் விழுந்தது.

அவனைத்தான் முழு வீச்சில் காதோடு சேர்த்து அறைந்தேன். நாற்காலியோடு சரிந்தான். எழுந்தவனை மறுபடி அறைந்தேன். காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. "இப்ப தெரியுதா படம்?" என்று கேட்டேன். அதையும் நான்தான் கேட்டேன்.

எழுத்துத் தேர்வில் அவன் தேறிவிட்டான். மருத்துவச் சோதனையில், இடது காது கேட்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். யார் அடித்தது என்று அவன் சொல்லவில்லையாம். பின்னாலிருந்து சிரித்தவன்தான் வந்து இதைச் சொன்னான்.

மந்தாரக்குப்பத்தில் அவனுடைய வாடகை வீட்டுக்குப் போனேன். "என்னையும் அடிச்சுடுப்பா" என்றேன்.  அவன் மனைவிதான் பேசினாள்: "ஒங்கள அடிச்சா இவருக்குக் காது கேக்குமா? பண்ணத எழுதிக் குடுங்க."

எழுதி, கையெழுத்திட்டு, அவனைத் திருப்பி அனுப்பிய மருத்துவரிடம் நானே கொண்டுபோனேன். அவர் இரண்டு முறை படித்தார். "யார் அடிச்சிருந்தாலும் வேலைக்குக் காது கேக்கணுமே, சார்" என்றார்.

மறு ஞாயிறு, என் விதிப்படி அவன் சொன்னதுதான் சரி, விதிதான் தப்பு என்று எல்லோரிடமும் ஒப்புக்கொண்டு, வகுப்பை நிறுத்தினேன். புதுச்சேரிக்கு அழைத்துப்போய் ஆபரேஷன் செய்வித்தேன். கிழிசல் மூடியது, பாதிதான் கேட்டது. அதற்குள் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது. இன்னும் கான்ட்ராக்ட்தான்.

கடைசியாக அவனைப் பார்த்தது பஸ் நிறுத்தத்தில். "மன்னிச்சுடுப்பா" என்றேன். வலது காதைத் திருப்பி, "என்னாங்க?" என்றான். மறுபடி சொன்னேன். இந்த முறை கேட்டிருக்க வேண்டும். "ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினான்.