கோரமண்டலில் நின்ற படகும் அதன் பல்கெட்டும்

தச்சு வேலையில் மரம் ஒருநாளும் தொந்தரவு கொடுக்காது. பக்கத்தில் நின்று யோசனை சொல்கிறவர்கள்தான் கொடுப்பார்கள். ஏணிமேல் நின்றவர்கள், குழாய்க்கு அடியில் குனிந்தவர்கள், சுவரில் ஒரு ஆணியாவது அடித்தவர்கள் எல்லோரும் இதை அனுபவித்திருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதைச் சொல்கிறேன்.

நான் கடலே இல்லாத எங்கள் தங்கச்சுரங்க ஊரான கோரமண்டலில் ரயில் ஏறி, பெங்களூரு போய், அடுப்படி அலமாரி செய்கிறவன். சிங்குக்கு அடியில் ஊறிப்போன பிளைவுட்டை மாற்றுவதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. அந்தப் பேர்தான் என்னைக் கொண்டுபோய் ஒரு படகுக்குள் தள்ளியது.

கடலில் போட்டாலும்

"தடுப்புப் பலகை ஊறிப்போச்சு நட்ராஜ், வந்து பாருங்க" என்று சண்முகம் சார் போன் செய்தார். கப்பலில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. பாத்ரூம் கதவாக இருக்கும் என்று டேப்பை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனேன். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பாய்மரப் படகு நின்றது. சின்னதுதான், ஆனாலும் உள்ளே ரெண்டு பேர் படுக்க அறையும் டீ போட ஒரு மேடையும் உண்டு. சென்னையில் யாரோ கழித்துக் கட்டியதை வாங்கி லாரியில் ஏற்றி வந்திருக்கிறார். குடிக்கிற தண்ணீரே டேங்கரில் வருகிற ஊருக்கு!

அறையைக் குறுக்கே பிரிக்கிற பலகை அடியிலிருந்து அழுகியிருந்தது. பாய்மரத்தின் பாரம் முழுக்க அதன் தலையில்தான். அது போனால் படகே போனது. அதைவிடப் பெரிய பாரம் சாரின் மனைவி சரோஜாம்மா. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. படகு நிற்கிற இடத்தில்தான் பந்தக்கால் நட வேண்டும். அதற்குள் படகு கிளம்பாவிட்டால் வெட்டி எடுத்துப்போக ஆண்டர்சன்பேட்டை காயலான் கடைக்காரரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார் அந்தம்மா. வாசல்படியில் நின்று எங்கள் இருவரையும் முறைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதற்றத்தில் வாய் பழக்கதோஷத்தில் ஓடியது. "மரைன் பிளை போட்டுடலாம் சார். கடல்ல போட்டாலும் ஒண்ணும் ஆகாது." இதே வசனத்தை எத்தனை அடுப்படிகளில் சொல்லியிருப்பேன்! ஒருத்தரும் சோதித்துப் பார்த்ததில்லை. சார் என்னை அன்பாகப் பார்த்தார்.

"அதைத்தான் நட்ராஜ் செய்யப்போறோம்."

மேலே உட்கார்ந்து

பழைய பலகை, டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி கையோடு வந்துவிடும் போலிருந்தது. ஆனால் அதைப் பிடுங்குவதற்கு முன் மேல்கூரைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். நான் கேட்காமலேயே முட்டுக்கட்டையும் ஆப்பும் தோளில் சுமந்துகொண்டு முனிசாமி மாமா வந்தார். மைனில் டிம்பர்மேனாக இருந்து, சுரங்கக் கூரைக்கு முட்டுக் கொடுத்தே பென்ஷன் வாங்கியவர். "நவுரு நைனா" என்று என்னைத் தள்ளிவிட்டு ஆப்பை அடித்தார், காதை வைத்துக் கேட்டார், திருப்தியில்லாமல் இன்னும் ஒரு அடி அடித்தார். அவர் பின்னாலேயே அவருடைய ஷிப்டுக்காரர்கள் நாற்காலியோடு வந்து சேர்ந்தார்கள். வேலை முடிகிறவரை அந்த நாற்காலிகள் வீடு திரும்பவில்லை.

படகின் சுவரில் ஒட்டியிருந்த ஃபைபர் துணியைத் தேய்த்து எடுப்பது இருக்கிறதே, அது எதிரிக்கும் வேண்டாம். அந்தத் தூள் உடம்பில் பட்டால் சொறிந்துகொண்டே சாப்பிட்டு, சொறிந்துகொண்டே தூங்க வேண்டும். ஒரு மத்தியானம் கழுத்தைச் சொறிந்தபடி, "எதுக்கு சார் இந்த வயசுல இந்த வம்பு?" என்று கேட்டேவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டீ தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்.

"எங்கப்பா பூமிக்கு அடியில வேலை பாத்தாரு. நான் கப்பலுக்கு அடியில, இன்ஜின் ரூம்ல. இவன் உலகத்தையே சுத்துனவன்னு ஊர்ல சொல்றாங்க, நான் பாத்ததெல்லாம் பைப்பும் வால்வும்தான். ஒருநாளாவது மேல உக்காந்து காத்துல போவணும் நட்ராஜ்."

கேஜ் அளவு

பழைய பலகை பொடியாகிவிட்டதால் அதை வைத்துப் புதியதை வரைய முடியாது. பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, துண்டு துண்டாகப் படகின் வளைவுக்கு ஒட்டி ஓர் அச்சு செய்தேன். அதை வைத்து மரைன் பிளையை அறுத்து, இழைத்து, விளிம்பை எல்லாம் உருட்டி, வாசலில் சாய்த்து வைத்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. போட்டோகூட எடுத்தேன். தூக்கிக்கொண்டு போய்ப் படகுக்குள் நுழைக்கப் பார்த்தால், நுழையவில்லை. படுக்க வைத்தோம், நிமிர்த்தினோம், தலைகீழாகக் கவிழ்த்தோம். அறைக்கு ஏற்ற அளவு பலகை, அறையின் வாசலைவிடப் பெரிதாகத்தானே இருக்கும்! அத்தனை அளவு எடுத்தவனுக்கு வாசலை அளக்கத் தோன்றவில்லை. நடுவில் அறுத்து, ரெண்டாக உள்ளே கொண்டுபோய், பின்பக்கம் பட்டை கொடுத்து ஒட்டினேன். அறுக்கும்போது எனக்கு அழுகையே வந்தது. முனிசாமி மாமாவுக்கு வந்தது சிரிப்பு. கேஜ் என்பது சுரங்கக் குழியான ஷாப்டில் ஆளை இறக்குகிற கூண்டு.

"பெரிய மிஷினையே கேஜுக்குள்ள போற சைஸுக்குப் பிரிச்சுதான் ஷாப்டுல எறக்குவோம். இத்தகூட தெரியாம இன்னாபா பெங்களூர்ல பொழைக்கற?"

ஓட்டை

இத்தனை நாளும் நான் "தடுப்பு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சார்தான் ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "இதுக்குப் பேரு பல்க்ஹெட்" என்றார். நாற்காலிக்காரர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரில் பல்கெட் என்றால் சாதாரணச் சுவர் இல்லை. சுரங்கத்தில் வேலை முடிந்து கைவிட்ட பழைய தளத்தில் தண்ணீர் நிறைந்து நிற்கும். அது இந்தப் பக்கம் வந்துவிடாமல் குறுக்கே கட்டுகிற தடுப்புதான் பல்கெட். அது உடைந்தால் கீழே ஷிப்டில் இருப்பவர்கள் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து அவர்கள் என் வேலையைப் பார்த்த பார்வையே வேறு.

மறுநாள் சார் லாரி ஏற்பாடு செய்யச் சென்னை போயிருந்தார். நான் பலகையின் அடியை ஃபைபர் துணியும் பசையும் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். பழைய பலகையில் இருந்த மாதிரியே கீழே கட்டைவிரல் நுழைகிற ஓர் ஓட்டை விட்டிருந்தேன், ஏன் என்று தெரியாமலேயே. மாமா தலையை உள்ளே நீட்டி அதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. கொலைகாரனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். வெளியே சபை கூடியது. ஓட்டையை அடைத்தே ஆக வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து ஒன்றுகூட இல்லை. எனக்கும் அவர்கள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நல்ல கெட்டிப் பசையாகக் குழைத்து, காற்றுகூடப் போகாதபடி ஓட்டையை அடைத்தேன். மாமா என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"ஓட்டை வெச்சு பல்கெட் கட்டுன ஒருத்தனை மைன்ல காட்டு பாக்கலாம்!"

மழை

பசை நாற்றம் போவதற்காக முன்பக்க மூடியைக் கழற்றிவிட்டு மேலே தார்ப்பாய் கட்டியிருந்தேன். ராத்திரி பெய்த மழையில் தார்ப்பாய் எந்தத் தெருவுக்குப் போனதோ தெரியவில்லை. காலையில் பார்த்தால் படகின் முன்பாதி தொட்டியாக இருந்தது. பின்பாதியில் ஈரமே இல்லை. முனிசாமி மாமா பலகையைத் தடவிப் பார்த்து, "ஒரு சொட்டு தாண்டல!" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த நேரம் பார்த்து சார் சென்னையிலிருந்து பையோடு வந்து நின்றார்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. படியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். படகுக்குள் தண்ணீர் வரத்தான் செய்யும். அது அந்த ஓட்டை வழியாகப் பின்னால் பள்ளத்துக்கு ஓடி வர வேண்டும். அங்கிருந்து இறைத்து வெளியேற்ற வேண்டும். முன்னால் தேங்கினால் பலகை மறுபடியும் அழுகும். இப்போது அதைவிட மோசம், காயாத பசைக்குள் தண்ணீர் புகுந்து அடி ஒட்டே விட்டுவிட்டது. பிரித்து, உலர்த்தி, மறுபடி ஒட்ட வேண்டும். சொல்லி வைத்த லாரி வேறு வேலைக்குப் போய்விடும், பந்தக்கால் நாளோ பக்கத்தில் வந்துவிட்டது. நான் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டப் போனபோது, சரோஜாம்மா குடமும் பக்கெட்டுமாக வந்தார்.

"கீழ ஊத்தாதீங்க ஆசாரி! வாசல்ல வந்து நின்னதுல இருந்து இந்தப் படகு இன்னிக்குத்தான் வீட்டுக்கு ஒரு வேலை செஞ்சிருக்குது."

பந்தக்கால்

ஓட்டையைத் திறந்து, அதன் உள்விளிம்புக்கும் பசை பூசி, அடியைப் புதிதாக ஒட்டினேன். வானம் மூடியே கிடந்ததால் பசை காய்வேனா என்றது. பந்தக்கால் நாளன்று விடிந்ததும் காயலான் கடைக்காரர் வண்டியும் ரம்பமுமாக வந்துவிட்டார். எங்கள் தச்சுத் தொழிலில் யாராவது இப்படிச் சொன்ன நேரத்துக்கு வந்தது உண்டா? முனிசாமி மாமா நாற்காலியை விட்டு எழுந்து, "ஓட்டையை அடைக்கச் சொன்னது நான்தாம்மா, என்னைத் திட்டு" என்றார். சார் படகின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டே, "எடுத்துக்கட்டும் சரோஜா, பொண்ணு கல்யாணம்தான் முக்கியம்" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரோஜாம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு முதல் தடவையாகப் படகுக்குள் ஏறினார். பலகையின் அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் ஒட்டிக்கொண்டது. வெளியே வந்து காயலான் கடைக்காரருக்கு டீ கொடுத்து அனுப்பி வைத்தார். பந்தக்காலைக் காம்பவுண்டுக்கு வெளியே தெருவோரமாக நடச் சொன்னார். அந்தம்மா விரலில் இருந்த பசையை உரித்துக்கொண்டே சாரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்.

"இவரு கப்பல்ல போயி எப்ப வருவாரு எப்ப வருவாருன்னு வருசக்கணக்கா காத்துனு இருந்தவ நான். இந்தப் பசை காயற வரைக்கும் காத்துனு இருக்க மாட்டனா?"

கல்யாணம் முடிந்து படகு கடலுக்குப் போய்ச் சேர்ந்தது; மேலே உட்கார்ந்து காற்றில் போனவர்கள் இரண்டு பேர் என்றும், சுக்கான் சாரின் கையில் இல்லை என்றும் கேள்வி.