கானோரத்துக் கீரை

அலுவிகாரையில் மகள் வீட்டுச் சிமெந்து வாசல் வெடிப்பில் குப்பைக்கீரை முளைத்திருப்பதைப் பார்த்து எனக்கு ஒரே சிரிப்பு. தண்ணீர் ஊற்ற ஆளில்லை, வேர்விட மண்ணுமில்லை, எப்படித்தான் வந்தாளோ கள்ளி!

இவளைத் தின்றுதான் நான் பிழைத்தேன், மாத்தளை பஸ் ஸ்டாண்டில். தேயிலைத் தோட்டத்தில் வேலையும் அரிசியும் இல்லாமல் போன பஞ்சத்தில், அம்மா என்னையும் தம்பியையும் எல்கடுவையிலிருந்து நடந்தே கூட்டிவந்திருந்தாள். அழுக்குத் தண்ணீர் ஓடும் கானோரம்தான் படுக்கை. அவரவர் படுத்த இடத்தில் முளைத்த கீரை அவரவருக்கு. மற்றவர்கள் வேரோடு பிடுங்கினார்கள். அம்மா மட்டும் தேயிலைக் கொழுந்து எடுப்பதுபோல நுனியைக் கிள்ளுவாள்.

"இங்கயும் கங்காணி வந்து பாக்கப் போறானாடி?" என்று பக்கத்தில் படுத்திருந்த இரத்தோட்டைக்காரி கேலி செய்வாள்.

"அடுத்த ரவுண்டுக்குத் துளிர்க்க வேணாமாக்கா? புள்ளைங்களுக்கு நாளைக்கும் பசிக்குமே" என்பாள் அம்மா.

தம்பி சட்டியை நக்கிவிட்டு இன்னும் கேட்பான். கீரை மறுபடி துளிர்க்கும் முன்பே ஒரு காலையில் அவன் எழும்பவில்லை.

அப்புறம் மழை பெய்து கீரை தளதளவென்று வந்தது. அம்மா ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கி அவித்தாள்.

"எல்லாத்தையும் தின்னு புள்ள. இப்பவே தின்னு."

வயிறு முட்டத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.