பதினாறும் தொண்ணூற்றொன்றும்

தன் பெயரைவிடத் தன் நம்பரை ஆசையாக வைத்திருந்த மனிதர் பாக்கியநாதன். எழுபத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில், கும்மிடிப்பூண்டி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பிய தொட்டித் தொழிற்சாலையில் அவருக்கு ஹெல்பர் வேலை கிடைத்தது. பெரிய பெரிய இரும்புத் தண்ணீர்த் தொட்டிகள் செய்கிற இடம். சேர்ந்த அன்று கையில் ஒரு பித்தளை வில்லையைக் கொடுத்தார்கள். அதில் 91 என்று வெட்டியிருந்தது. “தொண்ணூத்தொண்ணு, உள்ள வாங்க” என்று கேட்டில் கூப்பிட்டார்கள். வாங்க என்று. முப்பது வயதில் முதல்முறையாக அந்த ‘ங்க’ அவர் காதில் விழுந்தது. சாயங்காலம் வீடு போய்ச் சேரும்வரை வில்லையைத் தடவிக்கொண்டே நடந்தார்.

பெயரால் அந்தக் குடும்பம் பட்ட பாடு அப்படி. அப்பா பெயர் சின்னதுரை. ஞானஸ்நானத்தின்போது உபதேசியார் ஆசையாக வைத்த பெயர். ஆனால் காலனி ஆளைப் போய்த் துரை என்று கூப்பிட ஊரில் யாருக்கு வாய் வரும்? துரையை வெட்டிப் போட்டுவிட்டுச் சின்னான் ஆக்கிவிட்டார்கள். அறுபது வருஷமாக அவர் சின்னான்தான். பாக்கியநாதனும் அப்பாவைப்போலவே ஊர்க்காரர்களின் கொல்லைகளில், அதாவது வயல்களில், நாற்றுக்கட்டு சுமந்து, “டேய், சின்னான் மவனே” என்ற சத்தத்துக்கு ஓடி ஓடி, பத்தொன்பது வயதில் அலுத்துப்போய் ஆரணியில் ஒரு கிரில் பட்டறையில் சேர்ந்தார். அங்கேதான் வெல்டிங் பழகினார். பட்டறையை மூடியதும் மறுபடி கொல்லைக்கே வந்து விழுந்தார். அதனால்தான் நம்பர் கிடைத்ததும் அவருக்கு அப்பாடா என்று இருந்தது. நம்பருக்கு அப்பன் பெயர் கிடையாது, தெரு கிடையாது.

இந்த நம்பர் யோசனை பர்சனல் ஆபீசர் சுப்பராயனுடையது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். பெயரைக் கேட்டால் ஜாதி தெரிந்துவிடும், அப்பா பெயரைக் கேட்டால் நிச்சயமாகத் தெரிந்துவிடும் என்று கண்டுபிடித்து, தொழிற்சாலைக்குள் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று உத்தரவு போட்டார். “என் கண்ணுக்கு ஜாதி தெரியாது. நம்பர்தான் தெரியும்” என்று முதல் நாளே எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார். வாய்ப்பேச்சுக்குச் சொன்னதல்ல, மனசாரத்தான் சொன்னார். நல்ல மனிதர். என்ன செய்வது, நல்ல மனிதர்கள் சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு நடந்துவிட்டு, வழியில் கல்லே இல்லை என்கிறார்கள்.

அவர் பார்க்காமல் விட்டது ஒன்றுதான். நம்பரை அவர் ஆள் சேர்ந்த வரிசையில் கொடுத்தார். முதல் வாரம் சேர்ந்தவர்கள் தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்த ஊர்க்காரர்கள். அவர்களுக்கு ஒன்று முதல் அறுபது. அடுத்த வாரம் காலனிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு அறுபத்தொன்று முதல் நூற்றுப் பத்து. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ‘அறுபதுக்கு மேல’ என்பது ஒரு ஜாதியின் பெயராகிவிட்டது. தண்ணீர்க் குழாயில், கேன்டீனில், கேட்டுக்கு வெளியே டீக்கடையில்கூட, “இன்னா நம்பர்?” என்று கேட்டால் வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை. அதற்கு முன்பாவது ஜாதியைக் கேட்கக் கொஞ்சம் கூச்சம் இருந்தது. ஆபீசர் புண்ணியத்தில் அதுவும் போயிற்று.

இதை முதலில் கண்டுபிடித்தவர் பாக்கியநாதனின் மனைவி கிரேஸ். மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கேட்டில் கொடுப்பது அவர் வழக்கம். வாட்ச்மேன் நம்பரைக் கேட்டுவிட்டுத் தூக்குகளை இரண்டு பெஞ்சுகளில் பிரித்து வைப்பான்.

“நம்ம ஊட்டுத் தூக்கு எப்பவும் வெயில்ல கீற பெஞ்சுலதான் குந்திக்கினு கீது. நெழல்ல கீற பெஞ்சு அறுபது வரைக்குமாம்” என்றார் கிரேஸ் ஒருநாள்.

“அது எதோ சவுகரியத்துக்கு வெச்சிருப்பாங்க” என்றார் பாக்கியநாதன். அவருக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த ‘ங்க’வை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

மார்கழியில் விஷயம் வயிற்றுக்கு வந்தது. தை முடிந்ததும் ஹெல்பர்களை அனுப்பிவிடப் போகிறார்கள், வெல்டராகத் தேறுகிற ஆறு பேர் மட்டும் நிரந்தரம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். தேறாவிட்டால் பாக்கியநாதன் மறுபடி கொல்லைக்குத்தான் போக வேண்டும். அதுவும் யார் கொல்லை? ஃபோர்மேன் ரங்கசாமியின் அண்ணன் கொல்லை. ரங்கசாமி உள்ளூர்க்காரர். பதினைந்து வருஷம் சென்னைப் பட்டறைகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், தொழில் தெரிந்தவர். சின்னதுரையைச் சின்னான் ஆக்கிய வீடு அவருடைய வீடுதான்.

பரீட்சைக்கு மதிப்பெண் போடப் போகிறவரும் ரங்கசாமிதான். அதற்கும் சுப்பராயன் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஆளைப் பார்க்கக் கூடாது, வேலையை மட்டும் பார்க்க வேண்டும். ஆகவே வெல்டிங் நடக்கும்போது ரங்கசாமி பக்கத்திலேயே இருக்க மாட்டார். ஆளுக்கு இரண்டு சிறிய தகடுகளை ஒன்றாகப் பற்றவைத்து, அதில் தன் நம்பரைத் தானே அச்சால் குத்தி மேஜையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். மறுநாள் ரங்கசாமி வந்து துண்டுகளை மட்டும் பார்ப்பார். பெயரும் கிடையாது, முகமும் கிடையாது என்று சுப்பராயனுக்கு ஒரே பெருமை.

பதினெட்டுப் பேர் எழுதினார்கள், அதாவது பற்றவைத்தார்கள். அறுபதுக்குக் கீழே பத்துப் பேர், மேலே எட்டுப் பேர். பாக்கியநாதன் கை நடுங்காமல் செய்தார். வெல்டிங் ராடு ஒரே சீராக உருகி ஓடியது. செய்து முடித்ததும் அவருக்கே திருப்தியாக இருந்தது. 9 ஒரு குத்து, 1 ஒரு குத்து என்று நம்பரைக் குத்தி வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் மத்தியானம் நோட்டீஸ் பலகையில் ஆறு நம்பர் இருந்தது. முதல் இடம் 16. அப்புறம் 7, 12, 29, 44, 58. பாக்கியநாதன் இரண்டு தடவை படித்தார். தொண்ணூற்றொன்று இல்லை. அறுபதுக்கு மேல் எதுவுமே இல்லை. கூட நின்ற காலனி ஆட்கள் கலைந்து போனார்கள். நம்பர் நம்மைக் காப்பாற்றும் என்று நினைத்தோமே, என்ன மடத்தனம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் பதினாறாம் நம்பர் முனிகிருஷ்ணன் வேர்க்க விறுவிறுக்க ஆபீசுக்குள் ஓடினார். ஊர்க்காரர், ஸ்டோரில் மூட்டை அடுக்குகிறவர்.

“சார், என் நம்பரு எப்படி சார் அதுல வந்துச்சி? நான் டெஸ்ட்டுக்கே வர்ல சார்” என்றார் சுப்பராயனிடம். “எனக்குத் தீப்பொறின்னாலே பயம். தீபாவளிக்கே ஊட்டுக்குள்ள பூந்துக்குவேன். என்னைப் போய் வெல்டராக்கிப் பேஜாரு பண்ணாதீங்க சார்.”

சுப்பராயனுக்கு ஒன்றும் புரியவில்லை. ரங்கசாமியை வரச் சொன்னார். துண்டுகள் இருந்த பெட்டியையும் எடுத்து வரச் சொன்னார். பெட்டி கனம். தூக்கி வர ஒரு ஹெல்பர் வேண்டும். வாசலில் நின்றிருந்த பாக்கியநாதனைத்தான் கூப்பிட்டார்கள்.

ரங்கசாமி பெட்டியிலிருந்து பதினாறாம் துண்டைத் தேடி எடுத்து மேஜைமேல் வைத்தார். “யாரு செஞ்சதோ எனக்குத் தெரியாது சார். நீங்க சொன்ன மாதிரி வேலையத்தான் பாத்தேன். இந்த வெல்டிங் தையலப் பாருங்க, மெஷின்ல ஓட்டுன மாதிரி கீது. பதினஞ்சு வருஷத்துல இந்த மாதிரி கைய நான் பாத்ததில்ல” என்றார்.

பாக்கியநாதன் துண்டைப் பார்த்தார். தன் பிள்ளையைத் தனக்குத் தெரியாதா? பேசினால் என்ன ஆகுமோ, பேசாவிட்டால் கொல்லை. கையை நீட்டி அந்தத் தகட்டை மேஜைமேலேயே அரைச் சுற்றுத் திருப்பி வைத்தார்.

16 இருந்த இடத்தில் 91 இருந்தது.

சதுரத் தகட்டுக்குத் தலையேது, காலேது. ரங்கசாமி துண்டைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். “இப்ப பாத்தா ஓரத்துல கொஞ்சம் மேடு பள்ளமாத்தான் சார் கீது” என்றார்.

சுப்பராயன் அவரையே பார்த்தார். “திருப்பிப் பிடிங்க” என்றார்.

ரங்கசாமி திருப்பிப் பிடித்தார்.

“இப்ப?”

ரங்கசாமி துண்டை மேஜையில் வைத்துவிட்டார். பின்னால் நின்ற முனிகிருஷ்ணன் வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

சுப்பராயன் ஆள் சேர்த்த ரிஜிஸ்டரை எடுத்து விரித்தார். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். அறுபதில் விரல் நின்றது. ஊர் என்ற கட்டத்தில் அதற்கு மேலே ஒரே ஊர்ப் பெயர், அதற்குக் கீழே அதே ஊரின் காலனி. அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார். “நான் இதப் பாக்கவே இல்லையே” என்றார்.

“நீங்க பாக்கல சார்” என்றார் பாக்கியநாதன். “மத்தவங்க எல்லாரும் பாத்துக்கினுதான் இருந்தாங்க.”

சுப்பராயன் முகம் சிவந்து ரிஜிஸ்டரை மூடினார். பிறகு, மறுபடி பரீட்சை வைப்போம், இந்தத் தடவை நம்பர்மேல் கிரீஸ் பூசி மறைத்துவிடுவோம் என்றார். பாவம், அவருக்கு மறைப்பதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

பாக்கியநாதனுக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. “வேணாம் சார். மறைச்சி பாஸானா, தெரியாம பூந்துட்டவன்னு கடைசி வரிக்கும் சொல்லுவாங்க. பேரச் சொல்லிக் கூப்டுங்க. அப்பன் பேரு, ஊரு எல்லாம் சேத்துப் படிங்க. அல்லார் எதிர்லயும் செய்றோம். நல்லா இல்லன்னா அல்லார் எதிர்லயும் நல்லா இல்லன்னு சொல்லுங்க.”

மறுநாள் காலை அப்படியே நடந்தது. வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் சுற்றி நின்றார்கள். முனிகிருஷ்ணன் மட்டும் தீப்பொறி எட்டாத தூரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். பற்றவைத்த தகட்டை வைஸ் என்ற இரும்பு இடுக்கியில் கவ்வவிட்டுச் சம்மட்டியால் அடித்து வளைப்பது என்று முடிவாயிற்று. தையல் விரிந்தால் விரிந்தது எல்லார் கண்ணுக்கும் தெரியும். ரிஜிஸ்டரைப் பார்த்துப் பெயர் படிக்கும் வேலை ரங்கசாமிக்கு.

முறை வந்தது. “சின்ன... மவன் பாக்கியநாதன்” என்று ரங்கசாமி நடுவில் எதையோ விழுங்கினார்.

“அப்பா பேர் சரியா கேக்கலையே” என்றார் சுப்பராயன். அவருக்கு அந்தப் பெயரின் கதை எதுவும் தெரியாது. தெரியாமல்தான் கேட்டார்.

“சின்னதுரை” என்றார் ரங்கசாமி.

“கொஞ்சம் சத்தமா படிங்க. பின்னாடி நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்.”

“சின்னதுரை மவன் பாக்கியநாதன்.”

“இருக்கேன் சார்” என்று பாக்கியநாதன் முன்னால் வந்தார். ராடைத் தொட்டதும் கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. சம்மட்டி நான்கு அடி அடித்தது. தகடு குதிரை லாடம்போல வளைந்து வந்தது, தையலில் ஒரு கோடுகூட விழவில்லை. “என் நம்பருக்கு மரியாத வாங்கிக் குட்த்துட்டப்பா” என்று தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். ரங்கசாமியும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்த மாதிரிதான் இருந்தது.

தேறிய ஆறு பேரில் அறுபதுக்கு மேலே இரண்டு பேர். எட்டுப் பேரில் இரண்டு பேர்தான். மற்ற ஆறு பேரின் தையல் உண்மையாகவே விரிந்தது. ஆரணிப் பட்டறை எல்லாருக்கும் வாய்க்கவில்லையே. ஊர்க்காரர்களிலும் ஆறு பேர் தகடு விரிந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள். சுப்பராயன் கேட்டில் இருந்த பெஞ்சுகள் இரண்டையும் நிழலில் சேர்த்துப் போடவைத்தார். அப்புறமும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டுத்தான் தூக்குகளை வைத்தார்கள். அது குறையக் கொஞ்ச காலம் ஆயிற்று. பாக்கியநாதன் பின்னாளில் ஊர் ஊராக, மணவாள நகர் வரைக்கும் போய்த் தொட்டி பொருத்தினார். எல்லாத் தொட்டியின் அடியிலும் 91 என்று குத்தி, எது கால் என்று தெரிய ஒன்பதுக்கு அடியில் ஒரு கோடு இழுத்துவிடுவார்.

தேறிய அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். மனசு அவ்வளவு லேசாக இருந்தது. கிரேஸ் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டு கண்ணைத் துடைத்தார். சின்னதுரை வாசலில் கயிற்றுக் கட்டிலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“நைனா, வெல்டராயிட்டேன். பர்மனென்ட்.”

“ஸ்தோத்திரம்” என்றார் கிழவர், கயிற்றை விடாமல்.

“ரங்கசாமி உன் பேரச் சொன்னாரு. அல்லார் எதிர்லயும்.”

“இன்னான்னு?”

“முழுசா. ரெண்டு வாட்டி.”

கிழவரின் கை நின்றது. “துரையோடயா?”

“துரையோடத்தான்.”

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். “எங்க, அவரு சொன்ன மாதிரியே ஒரு வாட்டி சொல்லு” என்றார்.

“உன் பேர நான் எப்பிடி நைனா...” என்று பாக்கியநாதன் இழுத்தார். அப்பா பெயரை அப்பா முகத்துக்கு நேரே எந்த மகன் சொல்வான்?

“பரவால்ல, சொல்லு.”

“சின்னதுரை” என்றார் மகன்.

“இருக்கேன்” என்றார் கிழவர்.